துவர்ப்புக்கு ஒரு வக்காலத்து

சென்ற இதழில் பிரெஞ்சுச் சிவப்பு ஒயினைப் பற்றி நண்பர் எழுதியிருக்கும் கட்டுரைக்குப் பதில் எழுதத்தான் வேண்டுமா என்று நான்கு நாள் யோசித்தேன். ஒயினைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். குடிக்கிறவர் குடிக்கட்டும், எழுதுகிறவர் எழுதட்டும். ஆனால் நடுவில், போகிற போக்கில், 'தமிழ் நாக்குக்கு இந்த ருசியைச் சொல்ல வார்த்தை கிடையாது, நம் சமையலோடு இது சேரவும் சேராது' என்று ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். அவர் எழுதியது எந்தப் புட்டியைப் பற்றியோ அதே புட்டியை அவரோடு உட்கார்ந்து குடித்தவன் நான். சாட்சி சொல்லாமல் இருந்தால் தப்பாகிவிடும்.

நடந்தது பாளையங்கோட்டையில், மே மாதத்து மொட்டைமாடியில். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர், நான், கவிதை எழுதும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அண்ணாச்சி உடன்குடிப் பக்கம் பிறந்தவர். இளவயதில் பனை ஏறியவர், பிறகு மில் வேலைக்கு வந்துவிட்டார். நண்பர் கொண்டுவந்திருந்தது மதிரான். (மதிரா என்ற வடசொல்லோடு முடிச்சுப் போட்டு யாரேனும் ஆராய்ச்சி கிளப்புமுன் சொல்லிவிடுகிறேன், அது வெறும் ஊர்ப்பெயர்.) பிரான்ஸின் தென்மேற்கில், பிரனே மலைகளுக்கு வடக்கே இருக்கும் சிறு பிரதேசம். அங்கே முக்கியத் திராட்சைக்குத் தன்னா என்று பெயர். தோல் தடித்த, கறுத்த திராட்சை. டானின் என்ற சொல்லின் உறவுக்காரப் பெயர் அது. பிரெஞ்சு ஒயின்களிலேயே மிக முரட்டுத்தனமானவற்றில் ஒன்று என்று பேர் வாங்கியது.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில்தான் பரிமாற வேண்டும் என்று நண்பர் புட்டியை மாலையிலிருந்தே மேஜைமேல் வைத்திருந்தார். அந்த விதியை எழுதியவனுடைய அறை கல்சுவரும் குளிருமான பிரெஞ்சு அறை. 16, 18 டிகிரிதான் அவன் சொல்லும் அறை வெப்பம். பாளையங்கோட்டை மே மாதத்து அறை எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊற்றியதும் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறியது. பழமும் இல்லை, வாசனையும் இல்லை. நண்பர் கண்ணை மூடி 'ஆழம்' என்றார். அண்ணாச்சிதான், "தம்பி, இத ஐஸ் வாளியில கொஞ்ச நேரம் வைங்க, கொதிக்கில்லா" என்றார். வைத்தோம். அப்புறம்தான் அது ஒயின் ஆயிற்று. விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டவருக்கு ஒயின் கிட்டவில்லை, விதியைக் கேள்விப்பட்டே இராதவர் அதன் காரணத்துக்குப் போய்விட்டார். என் முழுக் கட்சியும் இந்த ஐஸ் வாளிக்குள் இருக்கிறது. இருந்தாலும் நண்பர் எட்டுப் பக்கம் எழுதியிருப்பதால் நானும் கொஞ்சம் விரிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது முறை ஊற்றியதை அண்ணாச்சி வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நல்லா துவர்க்குல்லா. வாழக் கச்சலக் கடிச்ச மாரி. ஆனா கச்சலு அங்கனயே நின்னுரும். இது பெறவு விட்டுக் குடுக்கு."

சென்ற இதழில் நண்பர் எழுதியது: 'முதிர்ந்த டானின்களின் கட்டமைப்பும் நீண்ட முடிவும் கொண்ட ஒயின்.' கட்டமைப்பு என்றால் ஸ்ட்ரக்சர், முடிவு என்றால் ஃபினிஷ். புட்டியின் பின்பக்கச் சீட்டை மொழிபெயர்த்திருக்கிறார். அண்ணாச்சி குடித்ததைச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுகின்றன என்பதைக் கவனியுங்கள். டானின் நாக்கைப் பிடிக்கிறது, பிறகு பிடி தளர்கிறது, அதற்கப்புறம் பழம் வருகிறது. 'விட்டுக் குடுக்கு' என்பதைவிட இதைச் சரியாகச் சொல்லிய வாக்கியம் நண்பரின் கட்டுரையில் இல்லை. அந்த வாக்கியம் சொல்லப்பட்டபோது அவர் பக்கத்தில் இருந்தார். காதில் விழுந்தும் கட்டுரையில் ஏறவில்லை.

தமிழில் வார்த்தை கிடையாதாம். சிவப்பு ஒயினை வெள்ளை ஒயினிலிருந்து பிரிப்பது நிறம் மட்டுமல்ல. தோலோடும் கொட்டையோடும் ஊறுவதால் இறங்கும் டானின்தான் அதன் உயிர். அது எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வாயின் வழுவழுப்பைப் போக்கிவிடுகிறது. அந்த உலர்ச்சியும் பிடிப்பும்தான் துவர்ப்பு. மேற்கத்திய விஞ்ஞானம் இதைச் சுவைக் கணக்கில் சேர்க்கவில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நான்கு வைத்திருந்தார்கள். 1908-ல் ஜப்பானின் இகேதா உமாமியைச் சொன்னார், அதை ஏற்றுக்கொள்ளவும் பல பத்தாண்டுகள் ஆயிற்று. துவர்ப்பு அவர்களுக்குத் தொடு உணர்ச்சி, காரம் அவர்களுக்கு வலி. ஆய்வுக்கூடத்தில் அது சரியாகவே இருக்கலாம், நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் சாப்பிடுகிறவன் இலையின்முன் உட்கார்ந்திருக்கிறான், ஆய்வுக்கூடத்தில் அல்ல. அறுசுவை என்று எண்ணியவர்கள் துவர்ப்புக்கு ஒரு முழு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். (வடமொழியிலும் கஷாயம் என்று உண்டு, தமிழுக்கு மட்டும் பட்டா கேட்கவில்லை.) சிவப்பு ஒயினின் நடு ஸ்தானத்தில் இருக்கும் குணத்துக்கு, ஐந்து வயதுக் குழந்தையும் அறிந்த பெயர் இருக்கும் மொழி இது. நாவல்பழம் தின்ற நாக்கை நீட்டிக் காட்டும் குழந்தைக்கு அது என்னவென்று தெரியும்.

இன்னும் இருக்கிறது. துவர் என்றால் சுவை மட்டுமல்ல, சிவப்பும் துவர்தான். காவியேற்றிய துணிக்குத் துவராடை என்று பெயர். சுவையும் நிறமும் சாயமும் ஒரே வேரில் கிடக்கின்றன. டானின் என்ற சொல்லே தோல் பதனிடுவதிலிருந்து வந்தது. அங்கே ஓக் மரப்பட்டை என்றால் இங்கே ஆவாரம்பட்டை. சிவப்பு ஒயினுக்கு என்றே செய்துவைத்தது போல ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர் 'கட்டமைப்பு' என்கிறார்.

அடுத்து வாசனைகள். காஸிஸ், பிளாக்பெர்ரி, லிகொரிஸ் என்று அடுக்கியிருக்கிறார். லிகொரிஸ் என்பது அதிமதுரம். திருநெல்வேலியில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். நண்பருக்குச் சிறு வயதில் இருமல் வந்தபோது அவருடைய அம்மையும் அதைத்தான் வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லியிருப்பாள். மதிரானில் அந்த வாசனை உண்மையில் இருந்தது, எனக்கும் தெரிந்தது. ஆனால் 'அதிமதுரம்' என்று எழுதியிருந்தால் ஒயின் மருந்துக் கடைக்கு வந்துவிடும், 'லிகொரிஸ்' என்றால் பாரிஸிலேயே இருக்கும். நண்பரின் பரிபாஷை செய்கிற வேலை வாசகனைத் தூரத்தில் நிறுத்துவது.

காஸிஸுக்குத் தமிழில் பெயர் இல்லை என்பது உண்மை. அந்தப் பழம் இங்கே இல்லை. இல்லாததற்குப் பெயர் இல்லாதது ஒரு மொழியின் குறையா? பிரெஞ்சில் தாழம்பூவுக்கும் மகிழம்பூவுக்கும் என்ன சொல்லுவார்கள்?

இந்த வாசனைப் பட்டியல்களின் பிறப்பு நண்பருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் என்ற ஆசிரியை 1984-ல் வாசனைச் சக்கரம் என்று ஒன்றை வெளியிட்டார். 'உன்னதம்', 'நளினம்' என்று ஒயின்காரர்கள் காற்றில் கத்தி வீசிக்கொண்டிருந்ததை நிறுத்தி, மூக்கால் சோதித்துப் பார்க்கக்கூடிய பொருளின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டது அந்தச் சக்கரம். அதில் டப்பாவில் அடைத்த பீன்ஸ்கூட உண்டு. ஏன்? கலிபோர்னியாக்காரியின் சமையலறை அலமாரியில் அது இருந்தது. அந்தச் சக்கரத்தின் தத்துவம், உன் அலமாரியைத் திறந்து பேசு என்பது. நண்பர் தத்துவத்தை விட்டுவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

போர்தோவில் நடந்த ஒரு பரிசோதனையையும் சொல்லிவிடுகிறேன். ஒயின் சாஸ்திரம் படிக்கும் 54 மாணவர்களிடம் முதலில் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து வாசனைகளை எழுதச் சொன்னார்கள். பிறகு அதே வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு எழுதிய வார்த்தைகளையே அதற்கும் எழுதினார்கள். மோரோ, புரோஷே, துபூர்தியூ என்ற மூவர் 2001-ல் வெளியிட்டது இது. கண் சொன்னதை மூக்கு கேட்டது. ஒயினே தொழிலான ஊரிலேயே இந்த லட்சணம். நம் ஊரில் ஒரு கவிதையில் இரண்டு சொட்டுப் பிரெஞ்சுச் சாயத்தைக் கலந்து கொடுத்தால் விமர்சகர்கள் என்னென்ன வாசனை கண்டுபிடிக்கிறார்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டினால் பார்க்கலாம். என் கட்டுரைகளும் அதில் அடக்கம்.

இதே திருநெல்வேலியில், வட்டத்தொட்டியில், டி.கே.சி. கம்பனை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு ஒன்றையே நம்பி, இது கம்பன், இது கம்பன் இல்லை என்று ஆயிரக்கணக்கான பாடல்களைத் தள்ளிவிட்டார். சிலவற்றில் வார்த்தையையே மாற்றினார். பண்டிதர்கள் கொதித்தார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. ஏன் என்று கேட்டால் டி.கே.சி. பாட்டை இன்னொரு முறை சொல்லிக் காட்டுவார், அவ்வளவுதான் காரணம். ரசனை விமர்சனத்தின் பலவீனம் அது. நாக்கு இருந்தது, நிரூபிக்க வார்த்தை தேடவில்லை. அந்தக் குறையைச் சரிசெய்கிறோம் என்று கிளம்பிய நம் தலைமுறை வார்த்தைகளை மூட்டை மூட்டையாக இறக்குமதி செய்தது. இப்போது வார்த்தை இருக்கிறது, நாக்கைத் தேட வேண்டியிருக்கிறது. நண்பரின் ஒயின் கட்டுரையை நான் விமர்சனக் கட்டுரையாகவே படித்ததற்கு இதுதான் காரணம்.

சமையல் விஷயத்துக்கு வருகிறேன். மதிரானுக்கு வாத்துக் கறியும் ஆட்டுப்பால் கட்டியும்தான் என்கிறார். மதிரான் ஊரில் அது சரி. அந்த மண்ணில் வாத்தை அதன் கொழுப்பிலேயே வேகவைத்துச் சேமிக்கிறார்கள். கொழுப்பும் புரதமும் டானினைத் தாங்களே வாங்கிக்கொள்ளும், எச்சில் தப்பிக்கும், துவர்ப்பு இறங்கிப் பழம் மேலே வரும். இந்தக் காரணம் புரிந்துவிட்டால் வாத்தைத் தேடிப் போக வேண்டாம். என் ஆச்சி வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுவாள். கறுக்காமலிருக்க என்று சொல்லுவார்கள், துவர்ப்பை மோர் வாங்குவதும் உண்டு. பிறகு பருப்பும் தேங்காயும் சேர்ப்பாள். "துவர்ப்பு போகணும், முழுசாப் போயிரப்படாது" என்பது அவள் கணக்கு. ஒயினைப் பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்டுவைக்கிறவனுடைய கணக்கும் அதேதான்.

அன்றைக்கு வீட்டில் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற அதே சொதி. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கடைசியில் எலுமிச்சை, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. நண்பர் தன் ஒயினைத் தனியாக வைத்துக்கொண்டு சொதியைத் தனியாகச் சாப்பிட்டார், ஏதோ ஆசாரம் போல. நாங்கள் மூவரும் சேர்த்துச் சாப்பிட்டோம். முதல் தேங்காய்ப்பாலின் கொழுப்பு துவர்ப்பை மடியில் வாங்கிக்கொண்டது. இஞ்சியைத் தொட்டபோது கொஞ்சம் முட்டிக்கொண்டது. எண்ணெய்க் கத்திரிக்காய் சொதியையும் மிஞ்சிவிட்டது.

எல்லாம் சேர்ந்தது என்று நான் சாதிக்கவில்லை. வாத்தியார் வீட்டிலிருந்து வந்த மீன்குழம்போடு குடித்தபோது வாயில் துருப்பிடித்த கவிச்சி. சிவப்பு ஒயினிலுள்ள இரும்புதான் மீனோடு சேர்ந்து அப்படிச் செய்கிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். மிளகாய் தூக்கலாக இருந்தால் சாராயச் சத்து அந்த எரிச்சலை ஏற்றிவிடும், துவர்ப்பும் முரண்டு பிடிக்கும். கடைசியில் யாரோ அல்வாவை நீட்டினார்கள். அல்வாவின் இனிப்புக்கு முன்னால் மதிரான் வெறும் புளித்த தண்ணீராகிவிட்டது. இவற்றையெல்லாம் நண்பர் எழுதியிருந்தால் அது விமர்சனம். 'சேராது' என்று ஒரே வெட்டாக வெட்டுவது, சாப்பிட்டுப் பார்க்காதவன் செய்கிற காரியம்.

நண்பருக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. நான் இப்படி எழுதுவதைப் பார்த்து அவர்கள் மகிழ்ந்து போவார்கள். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் குடித்ததைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார், அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது மது ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன, ஆகவே ஒயின் நமக்குப் புதிதல்ல என்று மார்தட்டுவார்கள். தட்டட்டும். கொற்கைப் பாண்டியன் குடித்தது எனக்கு எந்த வார்த்தையையும் தரவில்லை. அண்ணாச்சி தந்தார்.

கடைசியாக மண். பிரெஞ்சுக்காரன் தெர்வார் என்று ஒரு சொல் வைத்திருக்கிறான். நண்பர் அதை 'மண்வாசனை' என்று மொழிபெயர்த்திருக்கிறார். தமிழ் விமர்சனத்தில் மண்வாசனை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும்: கதையில் நாலு 'ஏல', இரண்டு 'வே' தூவுவது. அங்கே அது களிமண்ணா சுண்ணாம்பு மண்ணா கூழாங்கல்லா, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, தண்ணீர் நிற்குமா ஓடுமா என்ற கணக்கு. 1935-ல் அதற்குச் சட்டமே போட்டார்கள். எந்த மண்ணில், எந்தத் திராட்சையை, எப்படிச் செய்தால் இந்தப் பெயரைச் சீட்டில் போடலாம் என்று. மதிரானுக்கு அந்த உரிமை 1948-ல் வந்தது. விவசாயியின் கைப்பக்குவத்தைச் சட்டம் காவல் காக்கிறது.

எங்கள் பக்கம் அந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. அல்வாவின் ருசி தாமிரபரணித் தண்ணீரில் இருக்கிறது என்று சொல்லாத திருநெல்வேலிக்காரன் கிடையாது. ஆற்றின் கழிமுகத்துக்குத் தெற்கே, தேரியின் செம்மணலில் நிற்கும் பனையின் பதநீருக்கும் ஆற்றுப் பாசன வயலோரத்துப் பனையின் பதநீருக்கும் வித்தியாசம் உண்டு என்று அண்ணாச்சி அடித்துச் சொல்லுவார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர், தடவாவிட்டால் கள். அந்தச் சுண்ணாம்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் கருப்பட்டிக்கு, உடன்குடிப் பெயரோடு, 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். சுண்ணாம்புக்கு அந்தப் பக்கம் இருப்பது 1987 ஜனவரியிலிருந்து குற்றம். பனை மாநில மரம், 1978-லிருந்து. சீமைச் சாராயத்தை அரசாங்கமே 2003-லிருந்து கடை போட்டு விற்கிறது. வெளிநாட்டு ஒயினும் பெரிய ஊர்க் கடைகளில் ரசீதோடு கிடைக்கும். செங்கோட்டையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்தில் கள்ளுக்கடை வெளிச்சமாகத் திறந்திருக்கிறது. பாளையங்கோட்டை மொட்டைமாடியில் நாங்கள் நாலு பேர் மதிரான் குடித்தது சட்டத்துக்கு உட்பட்டது. அண்ணாச்சி தான் பிறந்த ஊரில் தன் பனையில் இறக்கியதைக் குடித்தால் போலீஸ் வரும்.

மதுவின் கேடு தெரியாமல் இதைச் சொல்லவில்லை. குடியில் அழிந்த வீடுகளை என் தெருவிலேயே பார்த்தவன். நான் கேட்பது வேறு. கள்ளின் ருசிக்கு ஒரு முழு அகராதி அண்ணாச்சியிடம் இருக்கிறது. முதல் நாள் கள்ளுக்கும் மறுநாள் கள்ளுக்கும், காலையில் இறக்கியதற்கும் சாயங்காலம் இறக்கியதற்கும் தனித்தனியாகச் சொல் வைத்திருக்கிறார். அதற்கு நாங்கள் குறிப்பேடு எடுக்கவில்லை. சொல்லும்போதே அவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். அவருடைய ருசி குற்றமாகி நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அந்த மௌனத்தின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் நண்பர் தமிழ் நாக்குக்கு வார்த்தை கிடையாது என்கிறார்.

1990-களின் தொடக்கத்தில் மதிரானிலேயே பத்ரிக் தூகூர்னோ என்பவர் ஒயினுக்குள் துளித்துளியாக ஆக்ஸிஜன் விட்டுத் தன்னாவின் துவர்ப்பைச் சீக்கிரம் மழுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். காத்திருக்கப் பொறுமை இல்லாத சந்தைக்கு அது வசதி. உலகம் பூராவும் பரவிவிட்டது. நாங்கள் குடித்தது அப்படிச் செய்ததா, பழைய முறையா என்று சீட்டில் போட்டிருக்கவில்லை.

புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருந்தது. நண்பர் அன்று ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் போய்விட்டார். தக்கையைத் திருப்பிச் செருகி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் மத்தியானம் மிச்சச் சொதியைச் சுடவைத்து, அண்ணாச்சியையும் கூப்பிட்டுக்கொண்டு ஊற்றினேன். ஒரு ராத்திரி காற்றுப் பட்டதில் முரடு குறைந்திருந்தது, அதிமதுரம் நன்றாக எழுந்து நின்றது. அண்ணாச்சி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நேத்து அவசரப்பட்டுட்டோம்" என்றார்.